ஓல்ட் குவார்ட்டர் கச்சேரியைக் கேட்கத் தொடங்குவது எப்படி? டவுன்ஸ் வான் சாண்ட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1973 ஜூலை மாதத்தில், டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், காங்கிரஸ் தெருவும் ஆஸ்டின் தெருவும் சந்திக்கும் மூலையிலிருந்த ஓல்ட் குவார்ட்டர் என்னும் சிறிய மதுக்கூடத்தில், டவுன்ஸ் வான் சாண்ட் என்ற 29 வயதுப் பாடகர் ஒரே ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடியது ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பக்கத்தில் டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை, உடன் பாட ஒருவரும் இல்லை. அந்த நாடாக்கள் நான்கு ஆண்டுகள் வெளிச்சம் காணாமல் இருந்து, 1977இல் டொமேட்டோ ரெக்கார்ட்ஸ் வழியாக 'லைவ் அட் தி ஓல்ட் குவார்ட்டர், ஹூஸ்டன், டெக்சஸ்' என்ற பெயரில் இரட்டை இசைத்தட்டாக வந்தன. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டும், அதன் தென்மாநிலக் கிராமப்புறங்களில் வளர்ந்த கண்ட்ரி இசையும் கலக்கும் இடத்தில் நின்று பாடியவர்களை அறிய விரும்பும் நண்பர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும்போது, நான் தயங்காமல் சொல்வது இந்தத் தொகுப்பைத்தான்.

ஆனால் இதைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் முதன்முதலில் இதைக் கேட்டது ஒரு நெரிசலான பேருந்தில், கைபேசியில், பாடல்களை வரிசை கலைத்து ஓடவிடும் ஷஃபிள் பொத்தான் அமுங்கியிருந்த நிலையில். ஏழெட்டுப் பாடல்கள் ஓடிய பிறகு, சம்பந்தமே இல்லாமல் யாரோ ஒருவர் கூட்டத்தைப் பார்த்து ஏதோ அறிவிக்கும் குரல் கேட்டது. விளம்பரம் போலும் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். அந்த அறிவிப்புதான் தொகுப்பின் முதல் பகுதி என்பதும், அதைத் தள்ளியவன் வாசலைத் தள்ளிவிட்டுச் சன்னல் வழியாக வீட்டுக்குள் ஏறியவனுக்குச் சமம் என்பதும் எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஒரு பாடகரை அறிய அவருடைய முதல் தொகுப்பிலிருந்து வரிசையாகக் கேட்டுவருவதே முறை என்று பலரும் நினைப்பார்கள். வான் சாண்ட் விஷயத்தில் அந்த முறை உங்களை ஏமாற்றிவிடும். 1968இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில், கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத் தயாரிப்பாளர்கள் அந்தக் காலத்து வழக்கப்படி அவருடைய எளிய பாடல்களின்மீது ஏராளமான வாத்தியங்களையும் எதிரொலியையும் ஏற்றி வைத்தார்கள். கல்யாணப் பெண்ணுக்கு நகை போட்டுப் போட்டு முகமே தெரியாமல் ஆக்கியது போல இருக்கும் அது. அவருக்கும் அது ஒப்பவில்லை என்று ஊகிக்கலாம். ஏனென்றால் அந்தத் தொகுப்பின் பாடல்களில் சிலவற்றை அடுத்தடுத்த தொகுப்புகளில் அவரே எளிய முறையில் மறுபடியும் பதிவு செய்தார். ஓல்ட் குவார்ட்டர் பதிவில் அந்த நகை எதுவும் இல்லை. 1968 முதல் 1972 வரை ஆறு தொகுப்புகளில் சிதறிக் கிடந்த அவருடைய நல்ல பாடல்களில் பெரும்பாலானவை இங்கே ஒரே இடத்தில், எழுதப்பட்ட வடிவத்துக்கு மிக அருகில் கிடைக்கின்றன. அதோடு 'ரெக்ஸஸ் புளூஸ்', 'நோ பிளேஸ் டு ஃபால்', 'லொரெட்டா' ஆகிய மூன்றும் அப்போது எந்தத் தொகுப்பிலும் வந்திராத புதிய பாடல்கள். அவற்றின் ஸ்டூடியோ பதிவுகள் 1978இல்தான் வெளியாயின.

முன்னேற்பாடு

முதலில், உங்களிடம் இருக்கும் பதிப்பு முழுமையானதா என்று பாருங்கள். அறிவிப்பையும் சேர்த்து 27 பகுதிகள் இருக்க வேண்டும். முதலில் அறிவிப்பும் அதன்பின் 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'யும், கடைசியில் 'ஒன்லி ஹிம் ஆர் மி'யும் வர வேண்டும். இணையத்தில் சிதறிக் கிடக்கும் தனித்தனிப் பாடல்களைச் சேர்த்து நீங்களே ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் இங்கே பாடல்களின் வரிசை முக்கியம்; அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து, நீங்கள் பயன்படுத்தும் செயலியின் அமைப்புகளைத் திறந்து மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கைதட்டல் ஓய்ந்து, கிட்டாரின் முதல் தந்தி ஒலிக்கும் வரை உள்ள சில நொடிகளை அது தின்றுவிடும். ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்வலைசரில் பேஸைக், அதாவது கனத்த கீழ் ஒலியைக், கூட்டி வைத்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். நடனப் பாட்டுக்காகக் கூட்டிய பேஸ், ஒற்றைக் கிட்டாரின் தடித்த தந்திகளைக் குடத்துக்குள் அடித்தது போல ஆக்கிவிடும்.

ஹெட்போனா, ஸ்பீக்கரா என்ற கேள்விக்கு என் பதில், முதல் முறை ஸ்பீக்கர், மற்ற முறைகளுக்கு ஹெட்போன் என்பதே. ஒரு சிறிய அறையில் ஒருவர் இயல்பாகப் பாடினால் எவ்வளவு சத்தம் இருக்குமோ அவ்வளவு வைத்தால் போதும். நல்ல ஸ்பீக்கர் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். இது சாதனங்களைச் சோதிப்பதற்கான பதிவும் அல்ல.

நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. பழக்கமில்லாத காதுக்கு இது ஒரே அமர்வில் அதிகம் என்று ஒப்புக்கொள்கிறேன். அறிவிப்பிலிருந்து 'இஃப் ஐ நீடட் யூ' வரை முதல் ஏழு பகுதிகள், 'பிராண்ட் நியூ கம்பானியன்' முதல் 'நைன் பவுண்ட் ஹேமர்' வரை அடுத்த ஏழு, 'ஃபார் தி சேக் ஆஃப் தி சாங்' முதல் 'கொக்கெய்ன் புளூஸ்' வரை மூன்றாவது ஏழு, மீதமுள்ள ஆறு என்று நான்காகப் பிரித்து நான்கு இரவுகளில் கேளுங்கள். இரவு என்று சொல்வதற்குக் காரணம், சுற்றிலும் சத்தம் அடங்கியிருக்க வேண்டும் என்பது மட்டுமே.

முதல் முறை: அறையைக் கேட்பது

முதல் முறை கேட்கும்போது பாட்டு வரிகளைப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். இது விசித்திரமான அறிவுரையாகத் தோன்றலாம். பாடலாசிரியராகவே புகழ்பெற்ற ஒருவரைக் கேட்கும்போது வரிகளை விட்டுவிடச் சொல்வதா என்று கேட்பீர்கள். வரிகள் எங்கும் ஓடிவிடா. முதலில் நீங்கள் அந்த அறைக்குள் போய் உட்கார வேண்டும்.

அறிவிப்பாளர் பேசுவதைக் கவனியுங்கள். பெரிய அரங்குகளில் மேடைத் தொகுப்பாளர் செய்யும் ஆரவாரம் எதுவும் அதில் இல்லை. கடைக்காரர் தெரிந்த வாடிக்கையாளரிடம் பேசும் தொனி அது. கூட்டம் சிறியது, நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது, பாடப்போகிறவரை அவர்களுக்குத் தெரியும் என்ற மூன்று செய்திகளும் அந்தத் தொனியிலிருந்தே வந்துவிடுகின்றன. ஜூலை மாத ஹூஸ்டன் புழுக்கத்துக்குப் பேர்போனது. அந்தப் புழுக்கத்தில், மக்கள் நிறைந்த ஒரு சிறிய கூடத்தில், கண்ணாடிப் பாட்டில் உரசும் ஓசையும் யாரோ தொண்டையைச் செருமும் ஓசையும் பாட்டுக்கு நடுவே வந்து போகின்றன. ஸ்டூடியோவில் இவற்றைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். இங்கே இவைதாம் உங்களுக்கு அளவுகோல். எந்தப் பாட்டில் இந்த ஓசைகள் நின்றுபோகின்றன என்பதைக் குறித்து வையுங்கள். குடிக்க வந்த கூட்டம் கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து உட்கார்ந்திருக்கும் இடங்கள் அவை.

இப்போது வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாவது பகுதி 'ஃப்ரெட்டர்னிட்டி புளூஸ்', கல்லூரி மாணவர் சங்கம் ஒன்றில் சேரப் போனவனின் அசட்டுக் கதை. கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பின் ஈரம் காய்வதற்குள் ஏழாவதாக வருவது 'இஃப் ஐ நீடட் யூ'; அவர் எழுதிய காதல் பாடல்களில் மிக மென்மையானது. பன்னிரண்டாவது 'டாக்கிங் தண்டர்பேர்ட் புளூஸ்', மலிவான தண்டர்பேர்ட் ஒயினைப் பற்றிய நகைச்சுவை. மறுபடியும் சிரிப்பு. அடுத்து வரும் 'ரெக்ஸஸ் புளூஸ்', அந்த மதுக்கூடத்தை நடத்தியவர்களில் ஒருவரான ரெக்ஸ் பெல்லின் பெயரைத் தாங்கியது. சின்னச் சின்ன வரிகளால் ஆன, எந்தப் பிடிமானமும் இல்லாத ஒரு மனத்தின் பாட்டு. சிரித்துத் தளர்ந்திருக்கும் கூட்டத்தின் மீது அது விழும்போது அறையில் உண்டாகும் மாற்றத்தைக் காதால் தொட்டுப் பார்க்கலாம். சோகப் பாடல்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்கிறவர்களுக்கு இது கிடைக்காது. வேடிக்கைப் பாடல்களைத் தாண்டிப் போகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அவர் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக் கதவைத் திறந்து, பிறகுதான் உள்ளே வருகிறார்.

இந்த வேடிக்கைப் பாடல்களின் வடிவத்தைப் பற்றி ஒரு சொல். 'டாக்கிங் புளூஸ்' என்னும் இந்த வகையில் கிட்டார் ஒரே எளிய அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, பாடகர் அதன் தாளத்தில் பேசிக்கொண்டே போவார். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் தாளத்தை விட்டு விலகி, பக்கத்திலிருப்பவரிடம் சொல்வது போல ஒரு குறும்பு வாக்கியத்தை உதிர்ப்பார். 1920களிலேயே இசைத்தட்டில் வந்துவிட்ட இந்த வடிவத்தை அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரி பரவலாக்கினார். சுவை முழுவதும் அந்த உதிர்ந்த வாக்கியம் எப்போது வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

இரண்டாம் முறை: கட்டைவிரல்

இரண்டாவது முறை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிட்டாரை மட்டும் கேளுங்கள். திரையிசையில் வளர்ந்த காது, பல்லவி முடிந்தால் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ இடையிசையாக வந்து சரணத்துக்கு இட்டுச்செல்லும் என்று தானாகவே எதிர்பார்க்கும். இங்கே அது வராது. வராததால் 'எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது' என்ற சலிப்பு மூன்றாவது பாட்டிலேயே தலைகாட்டும், எனக்கும் காட்டியது. அதற்கான மருந்து வலது கைக் கட்டைவிரலில் இருக்கிறது.

'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'யின் முதல் அரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிட்டார்தான் ஒலிக்கிறது என்றாலும் இரண்டு பேர் வாசிப்பது போலத் தோன்றும். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறி, நடந்து போகிறவனின் கால் அடி போல, ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் அந்த அடிகளுக்கு இடையில் புகுந்து மெட்டைத் தொட்டுச் செல்லும். உங்கள் காலால் தரையைத் தட்டி அந்தக் கட்டைவிரலைப் பின்தொடருங்கள். பாடுபவரின் குரல் எங்கே அந்த அடியோடு சேர்ந்து விழுகிறது, எங்கே ஒரு மயிரிழை தாமதித்து விழுகிறது என்பது பத்துப் பதினைந்து நொடிகளில் பிடிபட்டுவிடும். அந்தத் தாமதம்தான் அவருடைய பாணி. பெரிய குரல்வளம் அவருக்கு இல்லை. உச்சத்துக்கு ஏறும்போது சில இடங்களில் குரல் மெலிந்துவிடும். ஆனால் ஒரு சொல்லை எந்த நொடியில் கீழே வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

கட்டைவிரலால் அடியையும் மற்ற விரல்களால் மெட்டையும் வாசிக்கும் இந்த முறைக்கு, கென்டக்கி மாநிலத்துக் கிட்டார் கலைஞரான மெர்ல் டிராவிஸின் பெயரால் 'டிராவிஸ் பிக்கிங்' என்றே பெயர். தொகுப்பின் பதினான்காவது பகுதியான 'நைன் பவுண்ட் ஹேமர்' அந்த டிராவிஸ் பாடிப் பரப்பிய தொழிலாளர் பாட்டு என்பதை அறிந்து கேட்டால், அது ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். கைக்குப் பாடம் சொன்னவர்களுக்கு வான் சாண்ட் செலுத்தும் வணக்கமாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு ஆசான் கச்சேரி நடந்த அதே ஊர்க்காரர். கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த புளூஸ் இசையின் கலைஞரான லைட்னின் ஹாப்கின்ஸ் ஹூஸ்டனில்தான் வாழ்ந்தார். வான் சாண்ட் அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டே கிட்டாரில் வளர்ந்தவர். 'பிராண்ட் நியூ கம்பானியன்', 'ஷோஃபர்ஸ் புளூஸ்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இவற்றில் சீரான நடை போய்விடும். குரல் ஒரு வரியைச் சொல்லி நிறுத்த, கிட்டார் அதற்கு மறுமொழி சொல்லும். புளூஸில் பொதுவாக முதல் வரியை இருமுறை பாடிவிட்டு மூன்றாவதாகத்தான் விடை சொல்லும் வரி வரும். முதல் வரி மறுபடியும் வரும்போது பாடகர் மறந்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பவரைக் காத்திருக்க வைப்பதுதான் அந்த வடிவத்தின் வேலை.

வேகத்தைக் கேட்க வேண்டுமானால் 'ஒயிட் ஃப்ரெய்ட் லைனர் புளூஸ்' இருக்கிறது. நெடுஞ்சாலை லாரியின் இரைச்சலுக்கு ஏங்குகிறவன் ஒருவனின் பாட்டு. சீட்டாட்டத்தைப் பாடும் 'மிஸ்டர் மட் அண்ட் மிஸ்டர் கோல்ட்' இன்னும் சுவாரசியமானது. அதில் இரண்டு பேர் போக்கர் ஆடுகிறார்கள். ஆட்டம் சூடுபிடித்ததும் ஆடுகிறவர்களை விட்டுவிட்டு, சீட்டிலுள்ள ராஜாக்களும் ராணிகளும் ஜாக்குகளும் தங்களுக்குள் பேசிச் சண்டை போடத் தொடங்கிவிடுகிறார்கள். மூச்சு விடாமல் சொற்கள் கொட்டும். அந்தப் பாட்டு ஒரே ஓட்டத்தில் புரியாவிட்டால் வருத்தப்பட வேண்டியதில்லை; ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் அதே கதிதான்.

மூன்றாம் முறை: சொற்கள்

இப்போது பாட்டு வரிகளை எழுத்து வடிவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டு ஓடும்போது படிக்காதீர்கள். முதலில் ஒரு முறை படியுங்கள், தாளை மூடிவிட்டுப் பிறகு கேளுங்கள். படித்துக்கொண்டே கேட்டால் கண் முந்திக்கொண்டு, அடுத்த வரியில் என்ன வரும் என்பதைக் காதுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'யையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம். பாஞ்சோ ஒரு வழிப்பறிக்காரன். மெக்சிகோப் பாலைவனத்தில் செத்துப்போகிறான். லெஃப்டி அவனுடைய கூட்டாளி. பாஞ்சோ இறந்த அதே நாளில் லெஃப்டி வடக்கே ஒஹையோ மாநிலத்துக்குப் போய்விடுகிறான். பயணத்துக்கான பணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை என்கிறது பாட்டு. பாடலில் வரும் ஃபெடரால்கள் மெக்சிகோவின் கூட்டரசுப் போலீசார். நினைத்திருந்தால் பாஞ்சோவை எப்போதோ பிடித்திருக்கலாம், இரக்கப்பட்டு விட்டுவைத்தோம் என்று ஒவ்வொரு சுற்றிலும் பெருமை பேசுகிறார்கள். லெஃப்டி நண்பனைக் காட்டிக்கொடுத்தானா? பாட்டு அதைச் சொல்லவே சொல்லாது. அவன் ஒஹையோவிலுள்ள கிளீவ்லாந்தின் குளிரில் ஒரு மலிவு விடுதியில் வயதாகிக்கொண்டிருக்கிறான் என்பதை மட்டும் காட்டிவிட்டு, அவனுக்காகவும் கொஞ்சம் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கேட்கிறது. இப்போது அந்தப் பல்லவியின் வளர்ச்சியைக் கவனியுங்கள். கடைசியாக வரும்போது போலீசாரின் கூற்றில் ஒரு சிறு மாற்றம் இருக்கும், அவர்களும் கிழவர்களாகிவிட்டிருப்பார்கள். கண்ட்ரி பாடகர்களான வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகார்டும் சேர்ந்து பாடி 1983இல் அமெரிக்கக் கண்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்த பாட்டு இதுதான். அந்தப் பதிவு நல்ல பதிவு. ஆனால் அதில் வாத்தியங்களின் சுகத்தில் லெஃப்டி தப்பித்துவிடுகிறான். ஓல்ட் குவார்ட்டரில் அவன் ஒளிந்துகொள்ள ஓர் இண்டு இடுக்குகூட இல்லை.

சில சிறு குறிப்புகள் உதவும். 'இஃப் ஐ நீடட் யூ'வில் திடீரென்று லூப், லில் என்று இரண்டு பெயர்கள் வந்து குழப்பும். அவை அவர் வளர்த்த கிளிகளின் பெயர்கள். அந்தப் பாட்டு தனக்குக் கனவில் வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். 'வெயிட்டிங் ரவுண்ட் டு டை'யில் வரும் டஸ்கலூசா அலபாமா மாநிலத்திலும், சிறை இருக்கும் மஸ்கோகி ஒக்லஹோமா மாநிலத்திலும் உள்ள ஊர்கள். கடைசிப் பத்தியில் கதைசொல்லிக்குக் கிடைக்கும் ஒரே நண்பனின் பெயர் கோடீன், அபினியிலிருந்து வரும் வலிநிவாரணி. அந்தப் பெயர் ஒலிக்கும் இடத்தில் குரல் ஏறுவதில்லை, தணிவதுமில்லை. விலாசம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

வாழ்க்கை வரலாற்றை எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி இங்கே எழும். வசதியான பழைய டெக்சஸ் குடும்பத்தில் 1944இல் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தார். அந்த மாநிலத்தில் வான் சாண்ட் என்ற பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் மனநல மருத்துவமனையில் இன்சுலின் அதிர்ச்சிச் சிகிச்சை தரப்பட்டதில் சிறுவயது நினைவுகளில் பெரும்பகுதியை இழந்தார். வாழ்நாள் முழுவதும் குடியோடு போராடி, 1997 ஜனவரி 1 அன்று, தாம் பெரிதும் போற்றிய கண்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் இறந்த அதே தேதியில் இறந்தார். இவ்வளவு போதும். இதற்கு மேல் போனால் ஒவ்வொரு பாட்டையும் நோயாளியின் குறிப்பேடாகப் படிக்கத் தொடங்கிவிடுவோம். சீட்டுக்கட்டு ராணிகள் சண்டை போடும் பாட்டை எழுதியவருக்கு அது இழைக்கும் அநியாயம்.

கடைசி ஆறு பாடல்கள்

நான்காவது இரவுக்கு மட்டும் தனியாக ஓர் ஏற்பாடு தேவை. மறுநாள் அதிகாலை எழ வேண்டிய வேலை இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் நிறுத்த வேண்டிய சூழ்நிலை இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

ராக் அண்ட் ரோல் பாடகர் போ டிட்லியின் 'ஹு டூ யூ லவ்' என்ற குத்தாட்டப் பாட்டோடு இந்தப் பகுதி தொடங்குகிறது. இதுதான் கூட்டத்துக்குக் கிடைக்கும் கடைசி உற்சாகம். அடுத்து 'டவர் சாங்'. அதன்பின் 'வெயிட்டிங் ரவுண்ட் டு டை', 'டெகம்சே வேலி', 'லங்ஸ்' என்று மூன்று பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எந்தக் கச்சேரியிலும் இவற்றில் ஒன்றைப் பாடினாலே அதிகம் என்று நினைக்கத் தோன்றும். 'டெகம்சே வேலி'யில் கரோலின் என்ற சுரங்கத் தொழிலாளியின் மகள் வேலை தேடி வேற்றூர் வருகிறாள். ஒரு மதுக்கடையில் வேலை கிடைக்கிறது. சேர்த்த காசோடு ஊர் திரும்ப நினைக்கும்போது தகப்பன் செத்துப்போன செய்தி வருகிறது. அதன்பின் அவள் தெருவுக்குப் போகிறாள், சாகிறாள். கதையைச் சுருக்கிச் சொன்னால் மிகையுணர்ச்சி நாடகம் போலத் தோன்றும். பாடும் விதத்தில் அது கிடையாது. கிட்டார் முதலிலிருந்து கடைசி வரை ஒரே நடையில் போகிறது. கரோலின் பிழைப்பு நடத்தும்போதும் செத்த பிறகும் கட்டைவிரல் வேகத்தை மாற்றுவதில்லை. நாஷ்வில்லில் பதிவான 1968 வடிவத்தையும் இதையும் ஒருமுறை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அறையில் கண்ணாடிப் பாட்டில் உரசும் ஓசை இருக்கிறதா என்று இந்தப் பாட்டின்போது மறுபடியும் கவனியுங்கள்.

'லங்ஸ்' பாடலின் வரிகள் எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபட்டதில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறவனின் பேச்சு போலப் படிமங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வரும். விளக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், மூச்சுத் திணறலாகவே அதைக் கேட்டுவிடுங்கள். பிறகு வரும் 'ஒன்லி ஹிம் ஆர் மி' தணிவான பாட்டு.

இதற்குப் பின்

நான்கு இரவுகளும் முடிந்த பிறகு உடனே அவருடைய மற்ற தொகுப்புகளுக்குப் போகலாம். 'டு லிவ் இஸ் டு ஃப்ளை' இடம்பெற்ற 1971ஆம் ஆண்டுத் தொகுப்பையும், 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' முதலில் வந்த 1972ஆம் ஆண்டுத் தொகுப்பையும் முன்னால் வையுங்கள்; முதல் தொகுப்பைக் கடைசியில் வையுங்கள். அவருடைய நண்பரும் சக டெக்சஸ்காரருமான கை கிளார்க்கின் 1975ஆம் ஆண்டு முதல் தொகுப்பு அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே வெளிச்சம் கொஞ்சம் கூடுதல். லைட்னின் ஹாப்கின்ஸ் தனியாகக் கிட்டாரோடு பாடிய பதிவுகள் எது கிடைத்தாலும் விடாதீர்கள்.

பயிற்சியாகச் செய்துபார்க்க ஒரே ஓர் ஒப்பீட்டைச் சொல்கிறேன். 'நோ பிளேஸ் டு ஃபால்' பாடலின் 1978 ஸ்டூடியோ வடிவத்தை முதலில் கேட்டுவிட்டு, ஓல்ட் குவார்ட்டரின் பதினேழாவது பகுதிக்கு வாருங்கள். ஸ்டூடியோவில் உடன் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். குரல் அவர்கள்மேல் சாய்ந்துகொள்ள இடம் இருக்கிறது. விழுவதற்கு இடம் கேட்கிற அந்தப் பாட்டை இங்கே அவர் சாய இடமே இல்லாமல் பாடுகிறார். இரண்டில் எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஸ்டூடியோ வடிவம்தான் என்று சொல்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பல ஆண்டுகளாக இதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டுவருகிறோம், இன்னும் தீரவில்லை.